திருகாணிக்குக் கிடைத்த இனப்பெயர்

இனப்பெயர் இல்லாத நாய்கள் அனைத்தும் பதினைந்து நாட்களுக்குள் அப்புறப்படுத்தப்படும் என்று, பொதுமக்கள் நலன் கருதி நகர நிர்வாகம் அறிவித்தது. எந்த நலன் என்று சொல்லவில்லை. சொன்னால் ஆளாளுக்கு அதைக் கேட்டு வந்துவிடுவார்கள்.

மெத்தைக்காரர் வீட்டில் ஒரு நாய் இருந்தது. பூனையைவிடக் கொஞ்சம் பெரிசு. உடம்பெல்லாம் பாத்திரம் தேய்க்கிற கம்பி நார் மாதிரி முடி. முகம், பாதித் தூக்கத்தில் எழுப்பிவிட்ட குரங்கு. பஞ்சு மாற்ற வந்த பழைய சோபா ஒன்றை அவர் பிரித்தபோது உள்ளே குட்டியாகக் கிடந்தது. திருகாணி என்று கூப்பிட்டார்கள். பிள்ளைகள் ஆளுக்கொரு ஊர் போனபின் மெத்தைக்காரரின் மனைவி நாள் முழுக்கப் பேசுவது அதனிடம்தான். கணவரிடம் பேசிப் பேசி அலுத்துவிட்டது.

"பேர் வாங்காம வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க" என்று நாயைக் கையில் கொடுத்து அனுப்பினாள்.

அலுவலகத்தில் குமாஸ்தா தலை நிமிராமல் கேட்டார். "என்ன இனம்?"

"நாய்ங்க."

"அது எனக்கும் தெரியுது பெரியவரே. நாய்ல என்ன?"

"சின்ன நாய்."

குமாஸ்தா பெருமூச்சு விட்டு, தலையணை அளவு புத்தகம் ஒன்றைப் புரட்டினார். இவ்வளவு கெட்டித் தலையணையில் எவன் தூங்குவான் என்று மெத்தைக்காரர் யோசித்துக்கொண்டிருந்தபோது ஒரு படம் வந்தது. அதே கம்பி முடி, அதே குரங்கு முகம்.

"அஃபென்பின்ஷர்" என்று மூன்று தவணையில் வாசித்தார் குமாஸ்தா. "குரங்கு மாதிரி நாய்னு அர்த்தமாம். எலி பிடிக்குமாம். உங்களுது பிடிக்குமா?"

"எலியைப் பாத்தா என் சம்சாரம் பின்னால போய் நின்னுக்கும்."

"பாக்குதுல்ல? போதும்."

அதிகாரி வந்து படத்தையும் நாயையும் அரை மணி நேரம் ஒப்பிட்டு ஆராய்ந்தார். "படத்துல உள்ளது இடது பக்கம் பாக்குது. இது வலது பக்கம் பாக்குதே?"

மெத்தைக்காரர் நாயைத் திருப்பி வைத்தார்.

"இப்போ சரி" என்று அதிகாரி கையெழுத்திட்டார். மேற்படி பிராணி தூய அஃபென்பின்ஷர் என நேரில் கண்டு உறுதி செய்யப்பட்டது.

மறுவாரமே தெருவுக்கு அந்த மோகம் பிடித்தது. எதிர்வீட்டுத் தையல்காரர், தன் நாய் திருகாணிக்கு ஒன்றுவிட்ட தம்பி என்று எழுதிக் கொடுத்து அதே பெயரை வாங்கினார். மருந்துக்கடைக்காரர் தன் வழவழ நாய்க்குக் கஞ்சி போட்டு முடியை விறைப்பாக்கி, சித்தப்பா என்று பதிவு செய்தார். இப்படி ஏழு சொந்தங்கள் முளைத்தன. அதிகாரியின் மனைவியும் நச்சரித்து அதே பெயரில் ஒரு குட்டி வாங்கினாள்.

இத்தனை சொந்தத்துக்கும் மூலம் திருகாணி என்று மேலிடத்துக்கு அறிக்கை போனது. மேலிடம் பதறிவிட்டது. அரிய இனத்தின் மூல நாயைத் தனியார் வீட்டில் விட்டுவைப்பதா? வண்டி வந்தது. திருகாணியைக் காப்பகத்துக்கு ஏற்றிக்கொண்டு போனது. மெத்தைக்காரர் வீட்டில் அன்று அடுப்பு எரியவில்லை.

அவர் அதிகாரியிடம் ஓடினார். "ஐயா, அது சோபாவுக்குள்ள கிடந்த நாய்ங்க. இனமும் கிடையாது, ஒண்ணும் கிடையாது."

"அப்போ நான் போட்ட கையெழுத்து பொய்யா?"

"இல்லீங்க. பொய் என்னுது. கையெழுத்து மட்டும்தான் உங்களுது."

"தெருவுல ஏழு பேர் அது தெரு நாய்னு எழுதிக் குடுக்கட்டும். பரிசீலிப்போம்."

தையல்காரரிடம் போனால் அவர் காதைப் பொத்திக்கொண்டார். "என்ன பேச்சுண்ணே இது! நடையைப் பாத்தாலே ராஜவம்சம்னு தெரியுமே!"

"போன மாசம் நீதானேப்பா அதைக் கல்லால அடிச்சே?"

"அப்போ அதுக்குப் பேர் இல்லியேண்ணே."

ஏழு வீட்டிலும் இதே பதில். மெத்தைக்காரர் எதையும் மறக்கிற ஜாதியில்லை. அன்றே ஒரு மனு எழுதினார். மூல நாய்க்குப் பாதுகாப்பு அளித்த அரசு, அதன் தம்பி, சித்தப்பா முதலிய இரத்த உறவுகளை மட்டும் நிராதரவாக விடலாமா?

நியாயமான கேள்வி. மூன்றாம் நாள் வண்டி வந்து ஏழு நாய்களையும் ஏற்றியது. பட்டியலில் எட்டாவதாக ஒரு விலாசம் இருந்தது. அங்கேயும் போய், அதிகாரியின் மனைவி கத்தக் கத்தக் குட்டியைத் தூக்கிக்கொண்டது.

அதன்பின் சாட்சிக்குப் பஞ்சமில்லை. "தெரு நாயேதான்! அதுலயும் மட்டமான தெரு!" என்று தையல்காரர் அடித்துச் சொன்னார். எத்தனை கரண்டிக் கஞ்சி போட்டேன் என்றுகூட மருந்துக்கடைக்காரர் எழுதிக் கொடுத்தார். அதிகாரியின் மனைவி முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டாள்.

ஆனால் இனமில்லாத நாயை அப்புறப்படுத்த வேண்டுமே? அதிகாரி ஒரு பகல் முழுக்க உத்தரவை முன்னால் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வெறுங்கையோடு வீட்டுக்குப் போக அவருக்கும் தைரியமில்லை. சாயங்காலம் முகம் மலர்ந்தது.

"உத்தரவு நாய்களைப் பத்தினது. நாய்னா ஒரு இனம் இருந்தே தீரணும். இனமே இல்லாதது எப்படிய்யா நாயாகும்?"

'இது நாய் அல்ல' என்று ஒன்பது சான்றிதழ்கள் முத்திரையோடு வழங்கப்பட்டன. ஒன்பதும் வாலாட்டிக்கொண்டு வீடு திரும்பின.

தையல்காரர் தன் சான்றிதழைக் கண்ணாடிச் சட்டம் போட்டு மாட்டினார். அடுத்த தெருக்காரர்கள் வந்து பார்த்து ஏங்கினார்கள். அசல் இன நாய் வைத்திருந்தவர்கள்கூட அந்தச் சான்றிதழுக்காக வரிசையில் நின்றார்கள்.

ஒரு மாலை, மெத்தைக்காரர் வாசலில் உட்கார்ந்திருந்தார். யாரோ ஒருவர் பளபளக்கும் பெரிய நாயைச் சங்கிலியில் பிடித்துக்கொண்டு அந்த வழியாகப் போனார். மெத்தைக்காரர் அவரை மேலும் கீழும் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி மனைவியைக் கூப்பிட்டார்.

"இங்க வந்து பாரேன். பாவம், இவர் இன்னும் நாய்தான் வெச்சிருக்கார்!"