கவச வண்டியின் பின்பக்கம்

வண்டியின் முன்பக்கம் முடிந்துவிட்டது. இடப்பக்கமும் ஒருவழியாக முடிந்துவிட்டது. பின்பக்கம் எப்படி இருக்கும் என்றுதான் மருதப்பனுக்கு விளங்கவில்லை.

பஃபலோ ரோட்டு வாடகை அறையில், சுருட்டுப் பெட்டிப் பலகையும் பிஸ்கட் டின் தகரமும் சேர்ந்து ஒரு முழ நீளத்துக்குப் பட்டாளக் கவச வண்டியாகிக்கொண்டிருந்தன. துறைமுகத்தில் கிளார்க் வேலை பார்க்கிறவனுக்கு இதெல்லாம் எதற்கு என்று கேட்பீர்கள். எல்லாம் லீலாவுக்காகத்தான்.

லீலாவின் அப்பா வேலாயுதம், சண்டைக் காலத்தில் ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் கவச வண்டி ஓட்டியவர். அதை அவர் வாயால் கேட்காத காது சிராங்கூன் ரோட்டில் கிடையாது. பெண் கேட்டுப் போனபோது, யோசித்துச் சொல்கிறேன் என்று இழுத்துவிட்டார். அவருக்குக் குவீன்ஸ்டவுனில் புது அடுக்குமாடி வீடு கிடைத்திருந்தது. குடிபோகிற அன்று பதில் சொல்வதாகப் பேச்சு. அன்றைக்கு அந்த வண்டியையே சின்னதாகச் செய்து கையில் கொடுத்தால் மனுஷர் அசந்துபோக மாட்டாரா? அதுவரை அவரிடம் மூச்சு விடக் கூடாது.

இருந்த ஒரே ஆதாரம் அவர் வீட்டுக் கூடத்தில் தொங்கிய புகைப்படம். மணல்மேடு, கவச வண்டி, வண்டியைத் தொடாமல் கொஞ்சம் தள்ளி விறைப்பாக நிற்கும் இளம் வேலாயுதம். அத்தனை மணலிலும் பூட்ஸில் ஒரு பொட்டு மண் இல்லை. என்ன ஒழுங்கு என்று மருதப்பன் வியந்தான். ஆனால் படம் கறுப்பு வெள்ளை. வண்டியின் நிறமும் தெரியவில்லை, முதுகும் தெரியவில்லை.

ஓட்டினவரையே பேச்சோடு பேச்சாகக் கேட்டுவிடலாம் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை போனான். வேலாயுதம் கூரையைப் பார்த்து யோசித்து, மேரி பிஸ்கட் நிறம் என்றார். டன்லப் ஸ்திரீட் பெயிண்ட் கடை அப்துல் காதர் ஒரு பிஸ்கட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே அதே நிறத்தைக் கலக்கிக் கொடுத்தார். அடுத்த வாரம், மேலே வேறு வர்ணத் திட்டு ஏதும் உண்டா என்று கேட்டால், வண்டியே செங்கல் நிறம், அதன் மேல் பச்சைத் திட்டு என்றார் வேலாயுதம். போன வாரம் பிஸ்கட் என்றாரே? தான்தான் ஒழுங்காகக் கேட்டுக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று தன்னையே திட்டிக்கொண்டு, சுரண்டிவிட்டு மறுபடி அடித்தான். பின்னால் கதவு ஒன்றா இரண்டா என்று கேட்டபோது அவருக்குக் காப்பி புரையேறியது. இரண்டு என்றார். அதற்கடுத்த வாரம் கைப்பிடி எந்தப் பக்கம் என்றான். கதவே கிடையாது என்றார்.

மருதப்பனுக்குத் தலை சுற்றியது. இன்னும் தெளிவாகக் கேட்டால் தெளிவாகச் சொல்வார் என்று நினைத்து, வலப்பக்கச் சக்கரம், பின்விளக்கு என்று துருவினான். துருவத் துருவ வேலாயுதத்தின் முகம் கடுகடுவென்று ஆனது. கடைசியில் லீலா கோயில் வாசலில் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"அப்பாகிட்ட என்னதான் கேட்டுத் தொலைக்கிறீங்க? நீங்க அவரைக் கேலி பண்றீங்களாம். இனிமே வீட்டுப் படி ஏறக் கூடாதுங்கிறாரு. குடிபோற அன்னிக்கு வேற இடத்துக்குச் சம்மதம் சொல்லப் போறாராம்."

கேலியா? இவ்வளவு மரியாதையாகக் கேட்டும் கேலியா? இனி அந்த வண்டிதான் தன்னைக் காப்பாற்ற வேண்டும்.

பாலைவனத்தில் ஓடின வண்டி புத்தம் புதிதாக இருக்கலாமா? விளிம்புகளில் பெயிண்டைச் சுரண்டினான். காப்பி மண்டியைத் தடவித் துரு ஏற்றினான். திருநீற்றை ஊதி ஊதிப் புழுதி படிய வைத்தான். காயட்டும் என்று அப்துல் காதர் கடையில் வைத்துவிட்டுப் போனால், நல்ல மனுஷர், டர்பன்டைன் போட்டுப் பளபளவென்று துடைத்து வைத்திருந்தார்.

"புதுசா செஞ்ச சாமானை ஏன்லா அழுக்காப் போட்டு வச்சிருக்கே?" என்று அவரே கோபித்துக்கொண்டார்.

திரும்பவும் பெயிண்ட், காப்பி மண்டி, திருநீறு. பின்பக்கத்துக்கு மட்டும் வழி தெரியாமல் ஒரு துண்டுக் காக்கித் துணியைத் திரையாகத் தொங்கவிட்டான். கதவு இருந்திருந்தாலும் அதற்குள் மறைந்துவிடும், இல்லாவிட்டாலும் மறைந்துவிடும்.

குடிபோகிற நாளில் அழைப்பில்லாமலே குவீன்ஸ்டவுன் போய்ச் சேர்ந்தான். புது வீட்டுக் கூடத்தில் முதல் வேலையாக அந்தப் புகைப்படத்தை மாட்டியிருந்தார்கள். அதற்குக் கீழே வண்டியை வைத்தான். கூட்டம் படத்தையும் வண்டியையும் மாறி மாறிப் பார்த்து, அச்சு அசல் அதே வண்டி என்றது. இத்தனை வருஷமாக வேலாயுதத்தின் பாலைவனக் கதைக்கு வாயைப் பொத்திச் சிரித்தவர்கள்கூட அவரை மரியாதையாகப் பார்த்தார்கள்.

வேலாயுதம் மட்டும் வெளிறிப் போயிருந்தார். மெதுவாக வந்து, வண்டியைத் திருப்பி, காக்கித் துணியைத் தூக்கிப் பார்த்தார். உள்ளே வெறும் பொந்து.

"பின்பக்கம் தப்புங்களா ஐயா? சொல்லுங்க, இப்பவே மாத்திடுறேன்."

வேலாயுதம் சட்டென்று துணியை இறக்கிவிட்டார். பின்பக்கம் யார் கண்ணிலும் படாதபடி வண்டியைச் சுவரோடு ஒட்டி வைத்தார். மனைவி ரத்தினம்மாவின் காதில் ஏதோ முணுமுணுத்துவிட்டு வெளித் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

எல்லாம் போயிற்று என்று மருதப்பன் அடுப்படி வாசலில் போய் நின்றான். கண் கலங்கிவிட்டது. ரத்தினம்மா பாயசக் கிண்ணத்தை நீட்டினாள்.

"குடிங்க மாப்பிள்ளை. தை மாசமே நாள் பார்க்கச் சொல்லிட்டாரு. ஆனா வண்டியைப் பத்தி இனிமே அவர்கிட்ட ஒரு கேள்வி கேக்கக் கூடாதாம்."

சந்தோஷத்தில் குதிக்க வேண்டியவனுக்குக் குழப்பம் இன்னும் கூடியது. "கேக்க மாட்டேம்மா. நீங்களாவது சொல்லுங்க. அந்த வண்டிக்குப் பின்னாடி என்னதான் இருந்துச்சு?"

ரத்தினம்மா தாழ்வாரத்தை எட்டிப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினாள்.

"நான்தான் இருந்தேன் மாப்பிள்ளை. படம் எடுத்த ஸ்டூடியோவுல அந்த அட்டை வண்டி சாஞ்சுக்கிட்டே இருந்துச்சு, பின்னாலேர்ந்து யாராச்சும் பிடிச்சுக்கணும்ல."