படத்தில் உள்ளபடி

எங்கள் நகரசபை எல்லைக்குள் எஞ்சியிருந்த ஒரே விவசாய நிலத்தைப் பாதுகாப்பது என்று ஒரு செவ்வாய்க்கிழமை ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கேட்டவர்கள் நாங்கள்தான். சாலைக்கு இந்தப் பக்கம் ஆறு மாடிக் கட்டடத்தில் குடியிருக்கிறோம். எங்கள் கட்டடமும் ஒரு காலத்தில் வயலாக இருந்தது என்பதை இப்போது யாரும் கிளற வேண்டாம். காலையில் பால்கனியில் வந்து நின்றால் கண்ணுக்குப் பச்சையாக ஏதாவது வேண்டும் என்று நூற்றிருபது பேர் மனுக் கொடுத்தோம். முதல் கையெழுத்து அடியேனுடையது.

நிலம் இரண்டு ஏக்கர். முழுக்க முட்டைக்கோஸ். அதனால் சொந்தக்காரரைக் கோஸ்காரர் என்போம். வீடு கட்டி விற்கிறவர்கள் நாலு வருஷமாக அவரை நச்சரித்துக்கொண்டிருந்தார்கள். ஆகவே, 'இயற்கை மற்றும் விவசாய நிலங்களை உள்ளது உள்ளபடியே பாதுகாக்கும் திட்டம்' என்று ஓர் அதிகாரி வந்து நின்றதும் மனிதர் அகமகிழ்ந்து, வாசிக்காமலே கையெழுத்துப் போட்டார். ஜீப் டிரைவர் ஒரு புகைப்படம் எடுத்தார். படத்தில் கோஸ் இருந்தது, வரப்பு இருந்தது, பக்கத்து வீட்டு ஆடு வேலி தாண்டி வந்து மேய்ந்துகொண்டிருந்தது. படத்துக்கு முத்திரை குத்தி ஆவணமாக்கினார்கள்.

பத்தாம் நாள் கோஸ்காரர் கத்தியோடு வயலில் இறங்கினார். முதல் கோஸில் கை வைப்பதற்குள் ஜீப் வந்துவிட்டது. தகவல் கொடுத்தது எங்கள் மூன்றாம் மாடி.

"என்ன பண்றீங்க?" என்றார் அதிகாரி.

"கோஸ் வெட்டுறேன் சார்."

"படத்துல கோஸ் இருக்கு. நீங்க வெட்டிட்டா நிலத்துல இருக்காது. அப்புறம் நாங்க எதைப் பாதுகாத்தோம்?"

"விவசாய நிலம்னா விளைஞ்சதை வெட்டத்தானே சார் செய்வாங்க?"

"நாங்க பாதுகாக்கிறது விவசாய நிலத்தை. விவசாயம் வேற துறை. அவங்க ஆபீஸ் மாடியில இருக்கு."

"இன்னும் ஒரு வாரம் விட்டா எல்லாம் வெடிச்சிடும் சார். இந்த வருஷத்துக்கு எங்களுக்கு இருக்கிறதே இந்தக் கோஸ்தான்."

அதிகாரி கல்நெஞ்சர் அல்ல. உண்மையாகவே வருத்தப்பட்டார். "வெடிக்காம பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் ஆட்டைக் குறித்து ஓர் ஆணை வந்தது. மேற்படி ஆடு தினமும் மேற்படி இடத்தில் மேய்ந்துகொண்டிருக்க வேண்டும். ஆயினும் மேற்படி கோஸ் ஒன்றுகூடக் குறையலாகாது. இத்தனை நாள் கல்லை விட்டெறிந்து துரத்திய ஆட்டைக் கோஸ்காரர் போய் வருந்தி வருந்தி அழைத்து வந்தார். ஆடு கொஞ்சம் பிகு பண்ணிக்கொண்டுதான் வந்தது.

வழி கண்டுபிடித்தவர் அவருடைய மனைவி. ஆணையோடு இணைத்திருந்த படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். நேரே போய் ஜீப்பை மறித்தார்.

"சார், இந்த வரப்புல கையை நீட்டிக்கிட்டு நிக்கிறது யாரு?"

"நான்தாம்மா. எல்லை காட்டுறேன்."

"அப்ப நீங்களும் நிக்கணுமில்ல?"

வேறொருவராக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பார். இவர் விதியை மதிக்கிறவர். தலைமை அலுவலகத்துக்கு எழுதிக் கேட்டார். 'படத்தில் காணப்படும் சகலமும்' என்று மூன்றே வார்த்தையில் பதில் வந்தது. அன்று முதல் காலை பத்து மணியிலிருந்து மாலை ஐந்து வரை, இடது கையைக் கிழக்கே நீட்டியபடி அதிகாரி வரப்பில் நின்றார். ஆடு அவருடைய ஃபைலில் நாலு பக்கத்தைத் தின்றது. கோஸ் குறையவில்லை என்பதால் ஆட்சேபணை எழவில்லை.

ஐந்தாம் நாள் மழை கொட்டியது. கோஸ் ஒவ்வொன்றாக வெடிக்கத் தொடங்கியது. கோஸ்காரர் வரப்பில் குந்தி, வாய்விட்டு அழுதார். பார்க்க எனக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது. இரண்டு நாளில் அழுகல் நாற்றம் இரண்டாம் மாடி வரை வந்தது. ஜன்னலைச் சாத்திவிட்டேன்.

சொட்டச் சொட்ட நனைந்து நின்ற அதிகாரிக்கு அப்போதுதான் ஞானம் பிறந்தது. "படத்தைப் பெரிசு பண்ணி ரோட்டோரமா பேனர் கட்டிட்டா, நான் அதுலயே நிப்பேனே!"

அந்த வாரமே பேனர் எழுந்தது, எங்கள் ஆறாம் மாடிக்கும் மேலே. கோஸ், ஆடு, அதிகாரி, எல்லாம் உள்ளது உள்ளபடியே. பேனருக்குப் பின்னால் கணவனும் மனைவியும் வெடித்தது போக மிஞ்சியதை வெட்டிச் சந்தைக்கு ஏற்றினார்கள். பாதிதான் தேறியது. அடுத்த போகத்துக்கு உழவும் தொடங்கினார்கள்.

எங்களுக்கோ பேனர் ரொம்பப் பிடித்துவிட்டது. வெயிலில் வாடாது, கொசு வராது, நாறாது. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கெங்கிருந்தோ குடும்பம் குடும்பமாக வந்து, இயற்கைக்கு முன்னால் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டு போனார்கள். ஒரே ஒரு இடைஞ்சல். பேனருக்குப் பின்னால் யாரோ விவசாயம் செய்துகொண்டிருந்தார்கள். மோட்டார் சத்தம், எரு வாடை, பேனர் மேல் புழுதி. போதாக்குறைக்கு, வருகிறவர்கள் வண்டி நிறுத்த இடமில்லை. மறுபடி மனுக் கொடுத்தோம். இந்த முறை இருநூறு பேர். முதல் கையெழுத்து யாருடையது என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

மனு பரிவுடன் பரிசீலிக்கப்பட்டது. பேனரை நிரந்தரமாகப் பாதுகாப்பது, பின்னாலுள்ள காலியிடத்தை வண்டி நிறுத்த எடுத்துக்கொள்வது என்று ஆணை பிறந்தது.

"அப்ப நிலம்?" என்று கேட்டார் கோஸ்காரர்.

"அதான் முன்னாடி இருக்கே" என்று அதிகாரி பேனரைக் காட்டினார்.

விதிப்படி பேனரை முதலில் புகைப்படம் எடுத்தாக வேண்டும். டிரைவர் கேமராவைத் தூக்கினார். அதிகாரி இந்த முறை உஷாராக ஜீப்புக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார். அப்போது கோஸ்காரர் மண்வெட்டியோடு வந்து பேனருக்கு நட்டநடுவில் நின்றார். மனைவியையும் கையைப் பிடித்து இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார்.

"என்னங்க இது?" என்றார் மனைவி.

"படத்துல இருக்கிறதை எல்லாம் காப்பாத்துறாங்களே. நாமளும் இருந்துட்டுப் போவோம்."

டிரைவர் கேமராவை இறக்கினார். அதிகாரி ஃபைலைப் புரட்டினார். இதற்கு விதி எதுவும் இல்லை. மேலே பால்கனியிலிருந்து ஒரு குரல் வந்தது.

"கொஞ்சம் தள்ளுங்கய்யா, பச்சை மறைக்குது!"

அதுவும் அடியேனுடையதுதான். இருவரும் அண்ணாந்து பார்த்தார்கள். பிறகு தள்ளிப் போனார்கள். படம் நன்றாக வந்திருக்கிறது.