கன்றுக்கு முதல் உரிமை

மனிதன் நெருப்பைக் கண்டுபிடித்தான், சக்கரத்தைக் கண்டுபிடித்தான், அதற்குப் பிறகு உருப்படியாக ஒன்றும் செய்யவில்லை என்று நினைப்பவர்கள், இந்தப் பால் நிறுவனத்தின் ‘தாய்மை மேம்பாட்டு மைய’த்தை ஒரு முறை வந்து பார்க்க வேண்டும். முன்பு காலிப் பால் பெட்டிகளை அடுக்கி வைத்திருந்த அறைதான். பெட்டிகளை எடுத்துவிட்டு ஒரு நாற்காலி, ஒரு திரைச்சீலை, பால் உறிஞ்சும் இயந்திரம் ஒன்று வைத்ததும் அது மையமாகிவிட்டது. பொது மேலாளர் ரிப்பன் வெட்டினார். இனி இங்கே எந்தத் தாயும் தன் குழந்தையைத் தேடி ஓட வேண்டியதில்லை என்று அவர் முழங்க, எல்லோரும் கை தட்டினார்கள்.

தட்டாத ஒரே ஆள், மையத்தின் ஒரே பயனாளியான பால் பரிசோதகி. பிரசவ விடுப்பு முடிந்து அந்த வாரம்தான் வேலைக்குத் திரும்பியிருந்தாள். குழந்தை கீழே, கேட்டுக்குப் பக்கத்தில், நிறுவனமே நடத்தும் காப்பகத்தில் இருந்தது. பரிசோதனைக்கூடத்துச் சன்னலிலிருந்து எட்டிப் பார்த்தால் அதன் வாசல் தெரியும். குழந்தை வீறிட்டால் சத்தமும் கேட்கும். படி இறங்கினால் ஆயிற்று. ஆனால், நவீன நிர்வாகம் என்பது படி இறங்குகிற சமாச்சாரமா என்ன?

ஓர் எட்டு போய்ப் பால் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறேன் என்று அவள் கேட்டபோது, பொது மேலாளர் கண்ணை மூடி ஆழமாகச் சிந்தித்தார்.

“நேரா குடுத்தா எவ்வளவு போச்சுன்னு எப்படிம்மா தெரியும்? நாம பால் கம்பெனி. அளக்காத பால் ஒரு சொட்டுகூட வெளிய போகக் கூடாது.”

என்ன தொலைநோக்கு! அன்று முதல் உறிஞ்சி, அளந்து, பாட்டிலில் ஊற்றி, குளிர்ப்பெட்டியில் வைத்து, காப்பகத்து ஆயா வந்து எடுத்துப் போய், வெதுவெதுப்பாக்கி ஊட்டும் ‘விநியோகச் சங்கிலி’ ஒன்று உருவானது. எல்லாக் கண்ணிகளும் ஒழுங்காக வேலை செய்தன. ‘இறுதி நுகர்வோர்’ மட்டும் வாயைத் திறக்க மாட்டேன் என்றது.

பாட்டிலின் மேல் பழி போடுவதற்கில்லை. பக்கத்து மேசைக்காரியின் மகன் பாட்டிலில் தாய்ப்பால் குடித்தே கொழுகொழுவென்று வளர்ந்தவன். அவளுக்கு வீட்டில் வாங்கி வைத்திருந்த அதே மாதிரி இயந்திரம் பெரிய வரப்பிரசாதமாக இருந்ததாம். “குடிக்கிற பிள்ளைக்குச் சரிதான்டி. உன்னுது குடிக்கலியே,” என்றாள். ஆயா சொன்னதோ இன்னும் மோசம்.

“பாட்டிலைக் கண்டாலே மூஞ்சியத் திருப்பிக்குதும்மா. ஸ்பூன்ல குடுத்தா பாதி சட்டைக்குத்தான் போகுது. வந்ததுக்கு இப்ப இளைச்சுப் போச்சு.”

செய்தி மேலே எட்டியதும் நிர்வாகம் சும்மா இருக்குமா? ‘நுகர்வோர் மறுப்பு ஆய்வுக்குழு’ கூடியது. குழுவில் மூன்று ஆண்கள். மூவரும் தாய்ப்பாலோடு கடைசியாகத் தொடர்பு வைத்திருந்தது பல் முளைப்பதற்கு முன்னால். ஆனாலும் நீண்ட நேரம் விவாதித்து, பாட்டிலில் நிறுவனத்தின் முத்திரை இல்லாததே நம்பிக்கைக் குறைவுக்குக் காரணம் என்று கண்டறிந்தார்கள். பண்ணைகளிலிருந்து மாதிரிப் பால் வரும் அதே முத்திரைப் பாட்டில்களில் அவளுடைய பாலையும் ஊற்றச் சொன்னார்கள்.

மறுநாள் காலை பரிசோதகி குளிர்ப்பெட்டியைத் திறந்து, வரிசையாக இருந்த பாட்டில்களை எடுத்துச் சோதிக்க ஆரம்பித்தாள். தூக்கமில்லாத கண்ணுக்கு எல்லாப் பாட்டிலும் ஒன்றுதான். ஒரு மாதிரியில் புரதம் பாதிகூட இல்லை. இனிப்போ எக்கச்சக்கம். எந்தப் படுபாவி இப்படிச் சர்க்கரையை அள்ளிக் கொட்டினான் என்று கொதித்துப் போய், ‘கலப்படம்’ என்று முத்திரை குத்தி, விதிப்படி கழுவும் தொட்டியில் ஊற்றிக் குழாயையும் திறந்துவிட்டாள்.

சற்று நேரத்தில் ஆயா வந்து குளிர்ப்பெட்டியைத் துழாவினாள். “பாப்பாவோட பால் எங்கம்மா?”

பரிசோதகி தொட்டியைத் திரும்பிப் பார்த்தாள். சொந்தப் பிள்ளையின் பாலைத் தன் கையாலேயே கலப்படமென்று கொட்டியிருந்தாள். மையத்துக்கு ஓடி இயந்திரத்தை முடுக்கினாள். அது கடகடவென்று சத்தம் போட்டதே தவிர, நாலு சொட்டுக்கு மேல் தேறவில்லை. அதே நேரம் கீழே குழந்தை வீறிட்டது. இயந்திரத்துக்கு வராத பால் அந்தச் சத்தத்துக்குத் தானாகச் சுரந்து சுடிதாரை நனைத்தது.

துப்பட்டாவை இழுத்துப் போர்த்திக்கொண்டு அனுமதி கேட்க மேலாளர் அறைக்குப் போனாள். அங்கே மொத்த வியாபாரிகளுக்குப் புது விளம்பரப் படம் ஓடிக்கொண்டிருந்தது. திரையில் ஒரு கன்று தாய்மடியை முட்டி முட்டிக் குடித்தது. மேலாளரின் குரல் தழுதழுத்தது.

“கன்னு வயிறாரக் குடிச்ச பிறகுதான் நாங்க கறப்போம். நேரா தாய்கிட்ட. நடுவுல மிஷின் கிடையாது, பாட்டில் கிடையாது.”

ஒரு வியாபாரி கண்ணைத் துடைத்துக்கொண்டு, கன்று எவ்வளவு குடிக்கிறது என்று அளப்பீர்களா எனக் கேட்டார்.

“தாய் குடுக்கறத அளக்கலாமா சார்? பாவமில்லையா?”

வாசலில் நின்றவளுக்கு அதற்கு மேல் அனுமதி தேவைப்படவில்லை.

“அப்ப என் பிள்ளையையும் கன்னுக்குட்டின்னு சேர்த்துக்குங்க சார். நான் கீழ போறேன்,” என்றாள். பதிலுக்குக் காத்திராமல் படி இறங்கினாள்.

குழந்தை தேடிப் பிடித்து மடக்மடக்கென்று குடித்தது. ஒரு கை அவள் துப்பட்டாவை விடாமல் பற்றியிருந்தது. எவ்வளவு குடித்தது என்று பழக்கதோஷத்தில் கேட்ட ஆயாவிடம், “வயிறு நிறைய,” என்றாள். சொல்லும்போதே சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன.

நிறுவனம் அவள் மேல் நடவடிக்கை ஏதும் எடுக்கவில்லை. அதன் பெருந்தன்மையை நாலு பேரிடம் சொல்லத்தான் வேண்டும். அவள் இருக்கையில் இல்லாத அந்தக் கொஞ்ச நேரத்தை மட்டும், அளக்காமல் போன பாலோடு சேர்த்துக் ‘கசிவு’ என்று குறித்துக்கொண்டது. கன்று குடித்தால் அதற்குக் கசிவு என்று பெயரில்லை, விளம்பரம்.