நஸ்ரீன் அழிக்காத மூன்று வரிகள்

திருட்டே நடக்காத இடத்தில் திருடனைக் கண்டுபிடித்தவன் நான். அதை ஆபீஸ் முழுக்க மெயில் போட்டு வேறு அறிவித்தேன்.

தஞ்சாவூரில், அரிசி ஆலைகளுக்கு மென்பொருள் எழுதும் ஒரு சிறிய கம்பெனியில் எனக்கு முதல் வேலை. ஆறு மாதம் பார்த்துவிட்டுத்தான் நிரந்தரம் என்றிருந்தார்கள். எங்கள் ஊரிலிருந்து கம்ப்யூட்டர் வேலைக்குப் போன முதல் ஆள் என்பதால், நான் நாற்காலியில் உட்காருவதே ஒரு தினுசாக இருக்கும்.

நெல் வரத்துச் சீட்டு, ஈரப்பதச் சீட்டு, லோடு சீட்டு மூன்றையும் ஒரே பொத்தானில் அச்சடிக்க வேண்டும். பழைய ஜாவா அது. ஒவ்வொரு சீட்டுக்கும் ஒரு நிரல். அது வெளியாருக்கு என்னென்ன செய்து தரும் என்று சொல்லும் பட்டியலுக்கு இன்டர்ஃபேஸ் என்று பெயர். ‘அச்சிடலாம்’ என்று பொதுவான இன்டர்ஃபேஸ் ஒன்றை நான் எழுதியிருந்தேன். மூன்று சீட்டுகளின் இன்டர்ஃபேஸ்களும் அதைத் தங்களோடு சேர்த்துக்கொண்டால் போதும். ஆளுக்கு ஒரு வரி. எழுதினேன், அச்சாயிற்று. மறுநாள் காலை மூன்று வரியையும் காணோம்.

மறுபடி எழுதினேன். மறுபடி காணோம். காலையில் முதல் ஆளாக வருபவர் நஸ்ரீன், எனக்கு இரண்டு வருடம் சீனியர். நாகூரிலிருந்து ரயிலில் வந்து, எல்லா நிரல்களையும் சர்வரில் புதிதாகக் கட்டும் ‘பில்ட்’ வேலையை ஓட்டிவிட்டுத்தான் டீ குடிப்பார். வேறு யார் கை வைத்திருப்பார்கள்? (என் மூளை அப்போது அவ்வளவு கூர்மை.) ‘என் வளர்ச்சி சிலருக்குப் பொறுக்கவில்லை’ என்று தொடங்கி, நஸ்ரீன் பெயரையும் போட்டு, ஆபீஸில் இருந்த எட்டுப் பேருக்கும் மெயில் அனுப்பினேன். அவர் பதில் போடவில்லை. குற்றத்தை ஒப்புக்கொண்டார் என்று எடுத்துக்கொண்டேன். அதோடு விட்டேனா? அந்த மூன்று இன்டர்ஃபேஸ் கோப்புகளையும் யாரும் மாற்ற முடியாதபடி பூட்டியும் வைத்தேன்.

மறுநாள் காலையிலேயே திருவாரூரிலிருந்து ஒரு மில்காரர் வந்தார். சம்பா அறுவடைக்கு எங்கள் மென்பொருள் வேண்டுமா வேண்டாமா என்று அன்றைக்கே சொல்லிவிடுவார். அவர் வேண்டாமென்றால் நீயும் வேண்டாம் என்று முதலாளி என்னிடம் சொல்லியிருந்தார். மில்காரர் உட்கார்ந்திருக்கும்போதே நஸ்ரீன் பில்டை ஓட்டினார். திரை முழுக்கச் சிவப்பு எழுத்தில் பிழை கொட்டியது.

“மூணு ஃபைலை எழுத முடியலைங்குது. யாரு பூட்டுனது?” என்றார்.

“நான்தான். இனிமே யாரும் அழிக்க முடியாது,” என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

நஸ்ரீன் ஒரு கோப்பைத் திறந்து, முதல் வரியை நிதானமாகப் படித்துக் காட்டினார். ‘இது தானாக உருவாக்கப்பட்டது, கையால் திருத்த வேண்டாம்’ என்று அதில் இருந்தது.

“செல்வம், இதை மனுஷங்க யாரும் எழுதுறதில்லைங்க. ஒவ்வொரு பில்டுக்கும் டூல் பழசை அழிச்சுட்டுப் புதுசா போடும். மெயின் புரோகிராம்ல, மேல குறிப்பு மாதிரி இருக்கிற கமெண்ட்ல சொன்னாத்தான் அதுக்குத் தெரியும்.”

நாற்காலியோடு பூமிக்குள் போய்விடலாம் போலிருந்தது. அவர் பூட்டை எடுத்துவிட்டு, மூன்று நிரல்களின் கமெண்டிலும் ஒவ்வொரு வரி சேர்த்தார். “ஏற்கெனவே சேர்த்திருக்கிற இன்டர்ஃபேஸ் பேரையும் சேர்த்துப் போடணும், இல்லாட்டி அது போயிரும்,” என்று எனக்கும் காட்டினார். பில்ட் ஓடியது. மூன்று சீட்டும் அச்சாகி வந்தன.

மில்காரர் அவற்றைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “வாய்க்கா தலைப்புல மதகை மூடி வச்சுட்டு, கடைமடையில நின்னு, தண்ணி வரலைன்னு பக்கத்து வயக்காரரோட சண்டை போட்டிருக்கீங்க தம்பி,” என்றார். “பரவாயில்ல, இந்தம்மா இருக்காங்கல்ல. அடுத்த வாரம் வந்து போட்டுக் குடுங்க.”

சாயங்காலம் நஸ்ரீனிடம் போய் மன்னிப்புக் கேட்டேன். அவர் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“மெயில் எல்லாருக்கும்தானே போட்டீங்க?” என்றார்.

மன்னிப்பையும் எல்லாருக்கும் போட்டேன். நான் எழுதியதிலேயே கஷ்டமான நாலு வரி அவை. அவமானமாகத்தான் இருந்தது, ஆனால் அனுப்பியதும் மூச்சு சீராக வந்தது. மறுநாள் காலை பில்ட் ஓட்டுவதை அவரே எனக்குக் கற்றுக் கொடுத்தார். வேலையும் நிரந்தரமாயிற்று. இப்போது நாங்கள் இருவரும் சேர்ந்து சொந்தமாகக் கம்பெனி நடத்துகிறோம்.

வீட்டில் சாவியோ கத்தரிக்கோலோ காணாமல் போனால், நான் வாயைத் திறக்கும் முன் என் மனைவி போனை நீட்டுகிறாள். “நஸ்ரீன் அக்காகிட்ட கேளுங்க, அவங்கதான் எடுத்திருப்பாங்க.” போன வாரம் மூக்குக் கண்ணாடியைத் தேடிக்கொண்டிருந்தேன். என் மகள் நிஜமாகவே போன் போட்டுவிட்டாள்.

“ஆமாம்மா, நான்தான் எடுத்தேன்,” என்றார் நஸ்ரீன். “உங்கப்பா தலையில பாரு, அங்கதான் வச்சிருக்கேன்.”