டிரமெண்டஸ்லி உறைப்பு

புதுச் செருப்பு வாங்கியவன் காரணமே இல்லாமல் தெருவில் நடப்பான். நான் பி.ஏ. முடித்த வருஷம் என்னிடம் அப்படி இருந்தது 'டிரமெண்டஸ்லி' என்ற ஆங்கில வார்த்தை. எங்கள் பேராசிரியர் ஒருவர் எதற்கெடுத்தாலும் அதைச் சொல்வார். அதிகம், மிக அதிகம், அதற்கும் மேலே என்று பொருள். மூன்று வருஷப் படிப்பில் ஒழுங்காகத் தங்கியது அது ஒன்றுதான் (மற்றவையெல்லாம் பரீட்சை ஹாலிலேயே இறங்கிக்கொண்டன).

உத்தரகோசமங்கைப் பக்கம் எங்கள் களத்தில் அந்த வருஷத்துக் குண்டு மிளகாய் வத்தல் முழுவதும் காய்ந்து கிடந்தது. மேகம் திரண்டுகொண்டிருந்தது. நனைந்தால் வத்தல் கறுத்துப் போகும், வாங்க ஆள் இருக்காது. அந்த நேரம் பார்த்து பம்பாயிலிருந்து ஒரு மசாலா வியாபாரி ஜீப்பில் வந்து இறங்கினார். அவருக்குத் தமிழ் தெரியாது. அய்யாவுக்கு (அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) ஆங்கிலம் தெரியாது. நடுவில் நான்.

உறைப்பு எப்படி என்றுதான் முதலில் கேட்டார். நெஞ்சை நிமிர்த்தி, "டிரமெண்டஸ்லி ஹாட், சார்!" என்றேன்.

கையிலிருந்த வத்தலைப் போட்டுவிட்டு அவர் ஜீப்பைப் பார்த்து நடந்தார்.

"ஏலே, என்னலே சொன்ன?" என்றார் அய்யா.

"உறைப்புன்னா அப்படி ஒரு உறைப்புன்னேன், அய்யா."

"அடப்பாவி! குண்டு வத்தல நெறத்துக்குல்ல வாங்குறாக! உறைப்பு கம்மின்னு சொல்லு. சும்மா சொன்னா நம்ப மாட்டாரு, தின்னு காட்டு. மூஞ்சி மாறப்படாது!"

ஓடிப்போய் அவர் முன்னால் நின்று ஒரு வத்தலை முழுசாக மென்றேன். (குண்டு வத்தல் உறைப்புக் கம்மிதான், குழம்பில் போட்டால்.) சிரித்த முகம் மாறவில்லை. கண்தான் சொன்னபடி கேட்கவில்லை, கன்னத்தில் வழிந்தது. "டிரமெண்டஸ்லி... நாட் ஹாட்" என்றேன். நடுவில் விக்கல்.

பையன் ஏன் அழுகிறான் என்று அவர் சைகையால் அய்யாவிடம் கேட்டார். அய்யா அசரவில்லை. "படிப்பு முடிஞ்சு இப்பத்தான் வீட்டுக்கு வந்துருக்கான். என்னயப் பாத்தா அழுதுருவான். பாசம்" என்று என்னை இழுத்து அணைத்துக்கொண்டார். அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டியிருந்தது.

வியாபாரி வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பிறகு தானே ஒன்றைக் கிள்ளி நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டு, மூட்டை பிடிக்கச் சொன்னார். சாயங்காலம் கடைசி மூட்டை லாரியில் ஏறிய பிறகுதான் தூறல் விழுந்தது. அய்யா ஒரு துண்டு கருப்பட்டியை என் வாயில் போட்டார். அவ்வளவு சந்தோஷமாக அவரை நான் அதிகம் பார்த்ததில்லை.

இன்றைக்கும் எங்கள் வீட்டில் குழம்பு உறைப்பா என்று என்னிடம் யாரும் கேட்பதில்லை. நான் ஒரு வாய் வைத்ததும் மனைவியும் பிள்ளைகளும் என் கண்ணைப் பார்க்கிறார்கள். லேசாகக் கலங்கினால் போதும், "அப்பாவுக்குப் பாசம் வந்துருச்சு" என்று தண்ணீர்ச் செம்பை என் பக்கம் நகர்த்துகிறார்கள்.