ஆன்டெனா தூக்கி மலையேறுகிறவர்

மலையேறுகிறவர்களில் பல ரகம் உண்டு. உடம்பு இளைக்க ஏறுகிறவர், படம் எடுக்க ஏறுகிறவர், வீட்டில் சொல்லாமல் ஏறுகிறவர், ஊரெல்லாம் சொல்லிவிட்ட காரணத்தால் ஏறியே தீர வேண்டியவர். இவர்களையெல்லாம் நீங்கள் பார்த்திருப்பீர்கள். ஆபத்தில்லாதவர்கள். நான் சொல்ல வருவது வேறொரு பிராணி. அதன் முதுகுப்பையிலிருந்து ராட்சச மீனின் முள் போல ஒன்று துருத்திக்கொண்டிருக்கும். பக்கத்தில் போனால் கண்ணைக் குத்தும். கண்ணைக் காப்பாற்றிக்கொண்டு, "என்னங்க இது?" என்று கேட்டுவிட்டீர்களோ, காது போச்சு.

அது ஆன்டெனா. அதிலும் திசை ஆன்டெனா. சாதாரண ஆன்டெனாவின் அலை அறை விளக்கு மாதிரி எல்லாப் பக்கமும் பரவுமாம். இது டார்ச் லைட் மாதிரி, திருப்பின பக்கம் மட்டும் பாயுமாம். இதைக் கையில் ஏந்தி மலை உச்சியில் நின்று, எங்கோ தொலைவில் இன்னொரு ரேடியோவோடு உட்கார்ந்திருக்கும் முன்பின் தெரியாத ஒருவரைத் தேடிப் பிடித்துப் பேசுவதுதான் இவருடைய பிறவிப் பயன். அப்படி என்னதான் பேசுவார்? "என் குரல் உங்களுக்கு எப்படிக் கேட்குது?" என்பார். "நல்லாக் கேட்குது. என் குரல்?" என்பார் அவர். "பிரமாதம்." "நன்றி." "நன்றி." முடிந்தது. இந்த ஆறு வாக்கியத்துக்காகத்தான் விடியுமுன் எழுந்து, மூன்று பேட்டரியை முதுகில் கட்டி, தண்ணீர் பாட்டிலுக்கு இடமில்லாமல் அதை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு, முழங்கால் கிறீச்சிட மேலே போகிறார். "இதைப் போன்லயே பேசியிருக்கலாமே?" என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். நான் ஒருமுறை கேட்டேன். ஒரு கவிஞரிடம் "இதை உரைநடையிலேயே சொல்லியிருக்கலாமே" என்று கேட்டால் எப்படிப் பார்ப்பாரோ அப்படிப் பார்த்தார்.

நமக்கு மலை உச்சி என்றால் காட்சி. இவருக்கு "தடையில்லாத திசை". மரம் என்றால் இடைஞ்சல். எதிரே பனி மூடிய அழகான சிகரம் நின்றால், "இது வேற குறுக்க வந்து நிக்குது" என்று அலுத்துக்கொள்வார். சூரியோதயத்துக்கு முதுகைக் காட்டி நிற்கிற ஒரே ஜீவராசி இவர்தான். ஆட்கள் அதிகம் உள்ள நகரம் அந்தப் பக்கம் இல்லையாம்.

ஆன்டெனாவைக் கடையில் வாங்குகிறவர் இந்த ரகத்தில் கடைநிலை. உண்மையான ஆள் தானே செய்வார். பிளாஸ்டிக் குழாய் ஒன்று, அதில் குறுக்காக, தையற்காரர் டேப் அல்ல, தச்சர் வைத்திருக்கும் இரும்பு அளவு டேப்பை வெட்டிக் கட்டின துண்டுகள். மடக்கினால் மடங்கும், விட்டால் விறைக்கும். விறைக்க வேண்டிய நேரத்தை அதுவே தீர்மானிக்கும். பேருந்தில் ஒருமுறை அது தன்னைத் தானே விரித்து, முன் இருக்கையில் தூங்கிக்கொண்டிருந்தவரின் காதுக்குள் போய்விட்டது. மனிதர் அலறியெழுந்து திரும்பினார். நம்மவர் மன்னிப்பா கேட்டார்? "பார்த்தீங்களா, எவ்வளவு நீளம்!" என்றார்.

இவ்வளவு விவரம் எனக்கு எப்படித் தெரியும்? என் அத்தான் இந்த ரகம். என் அக்காவின் கணவர்.

அத்தான் பல் மருத்துவர். நாள் முழுவதும், வாயைத் திறந்து படுத்திருப்பவர்களிடம் பேசுகிறவர். அவர் என்ன கேட்டாலும் "ஆ... ஆ..." என்பதற்கு மேல் பதில் வந்ததில்லை. பதில் சொல்லும் மனிதர்களைத் தேடி மலைக்குப் போகிறார் என்பது என் ஊகம். அக்கா ஆஸ்பத்திரியில் நர்ஸ். பெரும்பாலும் இரவுப் பணி. பகலில்தான் அவள் தூங்க வேண்டும். அவர்கள் வீட்டில் வெளிச்சம் வராத, தெருச் சத்தம் கேட்காத அறை ஒன்றே ஒன்று. அந்த ஒன்றில்தான் ஆன்டெனாக்கள் குடியிருக்கின்றன. அக்கா கூடத்து சோபாவில், கண்ணில் துண்டைக் கட்டிக்கொண்டு படுத்திருப்பாள். மூடின கதவுக்குப் பின்னாலிருந்து "ஒண்ணு, ரெண்டு, மூணு... கேட்குதா? ஒண்ணு, ரெண்டு, மூணு..." என்று வரும். மூன்றுக்கு மேல் எண்ணத் தெரியாதவரைக் கட்டிக்கொண்டோம் என்று அக்கா சொல்வாள்.

கடைசியில் அவள் ஒரு நாள் துண்டை அவிழ்த்துவிட்டு எழுந்தாள்.

"இங்க பாருங்க. அந்த ரூம் எனக்கு வேணும். நான் தூங்கி ரெண்டு வருஷம் ஆச்சு."

"அப்போ இதையெல்லாம் எங்கம்மா வைக்கிறது?"

"மலையிலதான் பேசுறீங்க, மலையிலயே வையுங்க."

அத்தானுக்கு ரோஷம் வந்துவிட்டது. "நீ இதை ஏதோ விளையாட்டுன்னு நினைக்கிற. ஒரு தடவை என்கூட வந்து பாரு. பார்த்துட்டுச் சொல்லு."

ஒப்பந்தம் ஆயிற்று. இந்த மலை ரேடியோக்காரர்களுக்குள் ஒரு சட்டம் உண்டு: உச்சியில் நின்று நான்கு பேரிடமாவது பேசினால்தான் அந்த மலை கணக்கில் ஏறும். மூன்று பேர் என்றால் வெறும் கால்வலி. ஆகவே, வருகிற விடுமுறை நாளில் அத்தான் அக்காவின் கண்முன் நான்கு பேரைப் பிடித்தால் அறை ஆன்டெனாவுக்கு. பிடிக்காவிட்டால் அக்காவுக்கு. எனக்கு இதில் என்ன வேலை? சாட்சி. பேசாமல் பார்த்துக்கொண்டிருப்பதில் எனக்குக் குடும்பத்திலேயே நல்ல பெயர்.

ஏறினோம். வழியில் மூன்று பேர் அத்தானை நிறுத்தி, "மீன் பிடிக்கவா?" "டிவிக்கா?" "துணி காயப்போடவா?" என்று விசாரித்தார்கள். மூவருக்கும் அவர் நின்று நிதானமாக விளக்கினார். மூன்றாமவர் விளக்கத்தின் நடுவிலேயே நடக்க ஆரம்பித்துவிட்டார். அவரோடு கொஞ்ச தூரம் இறங்கிப் போய் மீதியைச் சொல்லிவிட்டு வந்தார் அத்தான்.

உச்சியில் வீடு அளவுக்கு ஒரு பாறை. அதன் இந்தப் பக்கம் நாங்கள் உட்கார்ந்தோம். அத்தான் முள்ளை விரித்தார், ஹெட்போனை மாட்டினார், தொண்டையைச் செருமினார். "சிகியூ, சிகியூ, சிகியூ!" யாராவது இருக்கிறீர்களா என்பதற்கு அவர்கள் பாஷை. முதல் ஆள் கிடைத்தார். இரண்டாமவர் கிடைத்தார். மூன்றாமவர் இருமலோடு கிடைத்தார். பிறகு ஒருவரும் இல்லை. அத்தான் முள்ளை வடக்கே திருப்பினார், கிழக்கே திருப்பினார், சாய்த்தார், படுக்க வைத்தார், தலைக்கு மேல் தூக்கினார். அக்கா ரொட்டி தின்றுகொண்டே, "கதவுக்கு உள்பக்கம் தாழ்ப்பாள் இருக்குல்ல அந்த ரூமுக்கு?" என்று என்னிடம் கேட்டாள்.

அப்போதுதான் அத்தான் துள்ளினார்.

"வந்துட்டான்! வந்துட்டான்! அம்மாடி, என்ன சத்தம்! என் வாழ்க்கையில இப்படி ஒரு சிக்னல் கேட்டதில்ல! முள்ளு ஃபுல்லா அடிக்குது!" முள் என்றது ரேடியோவில் இருக்கும் மீட்டரை.

அவருக்கு ஹெட்போன். எங்கள் காதில் ஒன்றுமில்லை. அதனால் எங்களுக்கு நன்றாகக் கேட்டது. பாறைக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஒரு குரல், அதே பரவசத்தில், "உங்க சிக்னலும் அப்படித்தான் சார்! இடி மாதிரி வருது! என்ன ஆன்டெனா?" என்றது.

"நானே செஞ்சது!"

"நானும்!"

"நான் மலை உச்சியில இருக்கேன்!"

"அடடா, நானும்தான் சார்!"

எந்த மலை என்று கேட்க வேண்டாமா? கேட்பார்கள். ஆனால் அதற்கு முறை இருக்கிறது. முதலில் குரல், பிறகு ஆன்டெனா, பிறகு பேட்டரி, பிறகு வானிலை, அதற்கப்புறம்தான் ஊர்.

"இங்க காத்து கொஞ்சம் ஜாஸ்தி," என்றார் அத்தான்.

"இங்கயும் அதே!" என்றது பாறை.

"மேல ஒரு பருந்து சுத்திக்கிட்டிருக்கு."

"என்ன ஆச்சரியம்! இங்கயும் ஒண்ணு சுத்துது!"

அக்கா ரொட்டியைக் கீழே வைத்தாள். எழுந்தாள். பாறையைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

"ஒரு நிமிஷம் சார்," என்றது குரல், சற்று இறங்கி. "இங்க ஒரு அம்மா வந்து என்னை முறைச்சுக்கிட்டு நிக்கிறாங்க."

"எப்படிப்பட்ட அம்மா?"

"நீலத் தொப்பி போட்டிருக்காங்க. இடுப்புல கை வச்சிருக்காங்க."

"அட!" என்றார் அத்தான். "என் வீட்டம்மாகிட்டயும் அதே மாதிரி ஒரு தொப்பி இருக்கு!"

சாட்சி என்பதால் நான் சிரிக்கக் கூடாது. முகத்தைப் பைக்குள் விட்டுக்கொண்டேன்.

அந்தப் பக்கத்து ஆசாமி கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி நடத்துகிறவர். அக்கா அவரை ஹெட்போனும் ஆன்டெனாவுமாக நடத்திக்கொண்டு வந்து அத்தானுக்கு முன்னால் நிறுத்தினாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அத்தனை நேரம் கட்டித் தழுவாத குறையாகப் பேசினவர்களுக்கு நேரில் பேச்சே வரவில்லை. ஒருவர் ஆன்டெனாவை இன்னொருவர் பார்த்தார். "நல்லா இருக்கு." "உங்களதும்." தரையைப் பார்த்தார்கள்.

"இது நாலாவது ஆள்தானே?" என்றார் அத்தான் அக்காவிடம், நைசாக.

"ஒரே மலையில நிக்கிறவர்கிட்ட பேசினா கணக்குல சேருமா?" என்று அக்கா டிரைவிங் வாத்தியாரைக் கேட்டாள்.

வாத்தியார் நேர்மையான மனிதர். "சேராதும்மா," என்றார் துக்கத்தோடு. "ஆனா ஒருத்தர் உச்சியை விட்டுக் கொஞ்சம் இறங்கி நின்னு பேசினா, மேல இருக்கிறவருக்குச் சேரும். எனக்கும் ஒரு ஆள் குறையுது."

அவ்வளவுதானே? ஒருவர் இறங்கிப் பேச வேண்டியது, பிறகு இடம் மாற வேண்டியது. யார் முதலில் இறங்குவது? அங்கே ஆரம்பித்தது மரியாதை. நீங்க மேல இருங்க. சேச்சே, நீங்க இருங்க. நீங்க பெரியவர். நீங்க முதல்ல வந்தவர். நேரில் இது சரிப்படவில்லை என்று இருவரும் தத்தம் பக்கத்துக்குப் போய் ரேடியோவில் தொடர்ந்தார்கள். அங்கே தாராளம் இன்னும் பெருகியது. கடைசியில் இருவர் மனமும் ஒரே கணத்தில் இளகி, விட்டுக்கொடுப்பதில் தான்தான் முந்த வேண்டும் என்று, ஒருவருக்கொருவர் சொல்லாமல், அவர் அந்தப் பக்கமாகவும் இவர் இந்தப் பக்கமாகவும் இறங்கிவிட்டார்கள்.

இப்போது நடுவில் முழு மலை. சிக்னலாவது மண்ணாவது. கீழே இரண்டு பக்கமும் இரண்டு குரல்கள்: "மேல இருக்கீங்களா சார்? கேட்குதா சார்?"

"ரெண்டு பேருமே கீழதான்யா இருக்கீங்க!" என்று அக்கா கத்தினாள். ஹெட்போன் போட்டவர்களுக்கு அது எப்படிக் கேட்கும்? இன்னும் கொஞ்சம் இறங்கினால் நன்றாகக் கேட்கும் என்று நினைத்தார்களோ என்னவோ, குரல்கள் தேய்ந்துகொண்டே போயின. பிறகு ஒன்றுமில்லை. காற்று மட்டும். உச்சியில் ஆன்டெனாக்காரர் ஒருவர்கூட இல்லை. அக்கா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு பாறையோரம் சாய்ந்தாள். அவள் அப்படித் தூங்கி நான் பார்த்ததில்லை. யாரோ அவளுடைய பிளக்கைப் பிடுங்கிவிட்ட மாதிரி.

ரொம்ப நேரம் கழித்து அத்தான் மூச்சிரைக்க மேலே வந்தார். தவறு புரிந்துவிட்டது. இப்போது எல்லாம் சரியாக அமைந்திருந்தது. இவர் உச்சியில், வாத்தியார் கீழே, பேட்டரியில் கடைசிச் சொட்டு. ஆன்டெனாவைக் கீழே பார்த்துத் திருப்பினார். ஹெட்போனில் வாத்தியார் அலறுவது எனக்கே கேட்டது: "கேட்குதா சார்? பதில் சொல்லுங்க சார்!" அவர் காதில் விழும்படி ஒரு வார்த்தை போதும். நாலாவது ஆள். அறை இவருக்கு.

மைக்கைத் தூக்கின அத்தான் அக்காவைப் பார்த்தார்.

பொத்தானை அழுத்தி, "கேட்குது," என்றார். பல் பிடுங்கப் பயப்படுகிற நோயாளியிடம் பேசுகிற மெல்லிய குரலில்.

"சத்தமா சார்! தெளிவாக் கேட்கல, இன்னும் சத்தமா!"

"கேட்..." என்று இன்னும் தாழ்ந்து சொன்னார். காற்றே அதை எடுத்துக்கொண்டு போய்விட்டது. மறுபடி அக்காவைப் பார்த்தார். அத்தான் மைக்கைக் கீழே வைத்தார். அலறல் வெளியே கசியாமல் இருக்க ஹெட்போனைத் தன் சட்டைக்குள் போட்டுப் பொத்திக்கொண்டார். வாத்தியார் அவர் வயிற்றுக்குள்ளிருந்து கொஞ்ச நேரம் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். பேட்டரி தீர்ந்தது.

சத்தம் சுத்தமாக நின்றதும் அக்கா விழித்துக்கொண்டாள். நர்ஸுகளுக்கு அப்படித்தானாம், சத்தம் நின்றால்தான் பயம்.

"நாலாவது ஆள் கிடைச்சாச்சா?"

"இல்ல."

"ஏன்?"

"நீ தூங்கிக்கிட்டிருந்தே."

அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தாள். "இதையே வீட்டுல செஞ்சிருந்தா இவ்வளவு தூரம் ஏறியிருக்கவே வேண்டாமே."

அறை அக்காவுக்கு வந்தது. ஆன்டெனாக்கள் கிளினிக்கில், நாற்காலிக்கு நேர் மேலே உத்தரத்தில் தொங்குகின்றன. வாயைத் திறந்து படுத்திருப்பவர்களால் "என்ன இது?" என்று கேட்க முடியாது. ஆனாலும் சொல்லிவிடுகிறார்.

பாவம் என்று சிரிக்கிறீர்கள். நமக்கு மலையும் கிடையாது, மீன்முள்ளும் கிடையாது, நல்லவேளை என்கிறீர்கள். அவ்வளவு சீக்கிரம் நிம்மதியடையாதீர்கள். தொலைவில் யாரோ ஒருவர் சொல்வதைக் கேட்க ஆன்டெனாதான் வேண்டுமென்பதில்லை. இதோ, முன்பின் தெரியாத ஒருவன் எழுதினதைக் கடைசி வரி வரைக்கும் காது கொடுத்துக் கேட்டுவிட்டீர்கள். இதற்கிடையில் உங்கள் வீட்டில் இருப்பவர்கள் பக்கத்து அறையிலிருந்து உங்களை இரண்டு தடவை கூப்பிட்டாயிற்று. சிக்னல் எல்லாம் பலமாகத்தான் இருக்கிறது. திரும்பிப் பாருங்கள், இடுப்பில் கை வைத்திருக்கிறார்களா?