பத்துக் கிலோ கல்லும் ஒரு பாக்கெட் சர்க்கரையும்

இந்த முறை விடப்போவதில்லை என்று தராசுக்காரர் முடிவு கட்டிவிட்டார்.

காரணம் இல்லாமலில்லை. மூத்தவள் பிறந்தபோது நாலே முக்கால் கிலோ. தோள் மாட்டிக்கொண்டு தாயும் பிள்ளையும் பிழைத்ததே பெரிய பாடு. இப்போது இரண்டாவது. டாக்டரம்மா நேராகவே சொன்னார்.

"முதல் குழந்தையே பெருசு. இப்ப கர்ப்பத்துல சர்க்கரையும் வந்திருக்கு. எடை கண்டபடி ஏறினா இதுவும் பெருசாத்தான் வரும். அதுக்காக..."

"அதுக்காக" என்பதற்குள் இவர் வாசலைத் தாண்டிவிட்டார். ஊர்க் கடைத் தராசையெல்லாம் ரிப்பேர் செய்கிறவரிடம் எடையைப் பற்றிப் பாடமா!

அன்றே சமையலறையில் ஆள் ஏறி நிற்கும் மின்தராசு ஒன்று வந்து உட்கார்ந்தது. மனைவியின் கண் எதிரிலேயே பட்டனை அமுக்கி, பத்துக் கிலோ கல்லை வைத்தார்.

"பாத்தியா? இதுதான் பத்துன்னு இப்ப அது மனசுல பதிஞ்சிடுச்சு. இனி பொய்யே சொல்லாது."

"அப்படியா!" என்றாள் அவள், அக்கறையாக.

வீட்டிலிருந்த சர்க்கரை பாக்கெட்டுகளைக் கல்லோடு சேர்த்துக் கருவிப் பெட்டியில் போட்டுப் பூட்டினார். சாவி அரைஞாண் கயிற்றில். குளிக்கும்போது மட்டும் ஆணியில்.

"நீ எழுபத்திரண்டு. ஒரு கிராம் ஏறக்கூடாது!"

"ஏங்க, உள்ள ஒரு உசுரு வளருதே?"

"அது வளரட்டும். நீ வளராதே!"

முதல் வாரம் அரைக் கிலோ ஏறியது. தட்டில் பாதியைப் பிடுங்கினார். பிடுங்கியதை வீணாக்க மனம் வருமா? தானே சாப்பிட்டார். அவள் முகம் வாடியதைப் பார்க்க அவருக்கும் சங்கடம்தான். சங்கடத்துக்கு இரண்டு பிஸ்கட்.

அடுத்த வாரத்திலிருந்து அதிசயம்! தராசு எழுபத்திரண்டிலேயே நின்றது. பிடுங்குவதை நிறுத்தினார், பிஸ்கட்டை நிறுத்தவில்லை. அவள் அக்காவோடு பரிசோதனைக்குப் போனாள், வேளைக்கு மருந்து சாப்பிட்டாள், மாலையில் நடந்தாள். இவர் கடைகடையாக மார்தட்டினார். தானும் ஏறி நின்று பார்த்தார். எண்பத்தெட்டு, எண்பத்தேழரை! பேன்ட் பட்டன் மட்டும் ஏனோ எட்டவில்லை. துணி சுருங்கிவிட்டது என்று தையல்காரரிடம் சண்டை போட்டார்.

பிரசவமும் ஆனது. பையன். மூன்று கிலோ இருநூறு கிராம்!

"ஜெயிச்சுட்டேன்!" என்று தராசுக்காரர் வார்டு அதிரக் குதித்தார். குதித்த வேகத்தில் மூலையில் இருந்த, பெரியவர்களுக்கான தராசில் ஏறினார். தொண்ணூற்றாறு.

"சிஸ்டர்! உங்க தராசு பொய் சொல்லுது! என் வீட்டுத் தராசுல எண்பத்தேழுதான். ஸ்க்ரூ டிரைவர் இருக்கா?"

"அதைத் தொடாதீங்க" என்றாள் மனைவி, கட்டிலிலிருந்து. "இது சரியாத்தான் இருக்கு. பிரசவத்துக்கு முன்னாடி என்னையும் எழுபத்தொன்பதுன்னுதான் காட்டுச்சு. டாக்டரம்மா சொன்ன கணக்குதான்."

"எழுபத்தொன்பதா! நம்ம தராசு?"

"நீங்க குளிக்கப் போறப்ப அக்கா கல்லைத் தூக்கி வச்சா. நான் மேல சர்க்கரை பாக்கெட்டை வச்சுப் பட்டனை அமுக்கினேன். முதல்ல கால் கிலோ, அப்புறம் அரை, கடைசியா ஒரு கிலோ. எல்லாத்தையும் பத்துன்னே நம்பிடுச்சு. பட்டினி போடக்கூடாதுன்னு டாக்டரம்மா சொல்லுறதுக்குள்ள நீங்கதான் ஓடிட்டீங்களே."

தராசுக்காரர் தராசிலிருந்து இறங்கினார். அவள் கையை நீட்டினாள்.

"அந்தச் சாவியைக் குடுங்க. உங்க பிஸ்கட் டப்பாவை உள்ள வைக்கணும்."